தட்டு போய்ச் சேர்ந்த ஊர்

நல்ல பாட்டு தன் ரசிகரைத் தானே தேடிக்கொள்ளும் என்பார்கள். அது பாதி உண்மைதான். டெட்ராய்ட் பாடகர் ரொட்ரீகஸ் 1970இல் 'கோல்ட் ஃபேக்ட்' என்ற இசைத்தட்டையும், மறு ஆண்டே இன்னொன்றையும் வெளியிட்டார். அமெரிக்காவில் இரண்டுமே விற்கவில்லை. மனிதர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். ஆனால் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி ஆட்சியில் புழுங்கிக் கிடந்த வெள்ளை இளைஞர்கள் அதே பாட்டுகளை நாடாவில் பதிந்து கைமாற்றிக் கேட்டார்கள். (அவர் மேடையிலேயே செத்துவிட்டார் என்ற வதந்தி வேறு!) அதிகாரத்தை நையாண்டி செய்யும் பாட்டு அமெரிக்காவில் அன்று ஏராளம், அங்கேயோ அதற்குப் பஞ்சம்.

இதெல்லாம் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடலாமா? ஆஸ்திரேலியாவிலும் அவருக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள், 1979இல் அங்கே போய்ப் பாடினார். இரண்டு நாடுகளில் பலித்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தட்டில் குறையில்லை, முதலில் விரித்த கடைதான் தப்பு. 'ரசிகர் கிடைத்தும் பாடகருக்கு என்ன லாபம்?' என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. தென்னாப்பிரிக்கப் புகழ் பணமாகவோ சேதியாகவோ அவரை எட்டவே இல்லை. அங்கிருந்த ரசிகர்களே தேடிக் கண்டுபிடித்த பிறகுதான், 1998இல் அந்நாட்டு மேடையில் ஏறினார். இன்று அப்படிச் சேதி எட்டாமல் போக வேண்டியதில்லை: பாட்டை இணையத்தில் ஏற்றுகிறவர், எந்த ஊரில் கேட்கிறார்கள் என்பதை அன்றன்றே பார்த்துக்கொள்ளலாம்.