குளிர்ப்படியை வெட்டியவர்களும் மீட்டவர்களும்

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



பிரிட்டன் தேசத்து வயோதிகர்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன் என்று சொன்னதும், வாசலில் நின்ற தோழர் ஒருவர் என்னை மறித்துக் கேட்டார். "நம்மூர்க் கிழவன் கிழவிக்கே கஞ்சிக்கு வழியைக் காணோம். வெள்ளைக்காரக் கிழவனுக்குக் குளிரடித்தால் நமக்கென்ன?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன். அங்கே 2024-ம் வருஷம் ஒரு சர்க்கார் கிழவர்களின் காசில் கைவைத்தது. 2025-ல் அதே சர்க்கார் அந்தக் காசில் பெரும் பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. எந்தக் கத்தியால் வெட்டினார்கள், எப்படி மீட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், நாளை அதே கத்தி நம்மிடம் வரும்போது அடையாளம் காணலாம்.

முதலில் அந்தக் குளிரைப் பற்றி. மார்கழி விடியற்காலையில் வயலில் இறங்குகிற நமக்கும் குளிர் தெரியும். ஆனால் பத்து மணி வெயில் வந்தால் நம் குளிர் போய்விடும். அங்கே மாதக்கணக்கில் வெயிலுக்குச் சூடு கிடையாது. நாலு மணிக்கே இருட்டிவிடும். வீட்டுக்குள் காஸைக் கொளுத்தித் தண்ணீரைக் காய்ச்சி, அந்த வெந்நீரைக் குழாய் வழியாக அறை அறையாக ஓடவிட்டுத்தான் வீட்டைச் சூடாக்குகிறார்கள். காஸை நிறுத்தினால் சுவரெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி சூடு வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதற்குக் குறைந்தால் வயோதிகர்களின் ரத்த அழுத்தம் ஏறும், மார்பில் சளி கட்டும், மாரடைப்பு வரும். 2017-18 குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மற்ற மாதங்களைவிட அதிகப்படியாக ஏறத்தாழ 50,100 பேர் இறந்தார்கள் என்று அந்நாட்டுப் புள்ளிவிவர இலாகாவே கணக்கிட்டது. குளிர், காய்ச்சல் எல்லாம் சேர்ந்து கொண்டுபோன உயிர்கள் அவை. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

அங்கே சூடு என்பது சுகபோகமல்ல, தோழர்களே. நமக்குக் கஞ்சி எப்படியோ, அவர்களுக்குச் சூடு அப்படி.

2022 மே மாதம் பிரதம மந்திரி போரிஸ் ஜான்சனை ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டார்கள். 77 வயது மூதாட்டி ஒருவர். மாதம் 17 பவுண்டாக இருந்த அவருடைய காஸ், மின்சாரச் செலவு 85 பவுண்டாகிவிட்டது. ஒரு வேளைதான் சாப்பிடுகிறார். வீட்டில் சூடு போடக் காசில்லாததால், முதியோருக்கான இலவசப் பாஸை எடுத்துக்கொண்டு பகல் முழுவதும் பஸ்ஸிலேயே சுற்றுகிறார். பஸ்ஸுக்குள் கதகதப்பாக இருக்கிறதல்லவா? இதற்குப் பிரதம மந்திரி என்ன பதில் சொன்னார் தெரியுமா? அந்த 24 மணி நேர பஸ் பாஸைக் கொண்டுவந்ததே நான்தான் என்று பெருமையடித்துக்கொண்டார்!

இந்தச் சூட்டின் விலையை யார் ஏற்றினார்கள்? இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும், 1947-ல் நிலக்கரிச் சுரங்கங்களையும், 1948-ல் மின்சாரத்தையும், 1949-ல் காஸையும் பிரிட்டன் தேசவுடைமை ஆக்கியது. தொழிலாளி வர்க்கத்தின் ஓட்டில் அமைந்த சர்க்கார் செய்த காரியம் அது. பின்னால் தாட்சர் அம்மையார் வந்தார். 1984-85-ல் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் நடத்திய வேலைநிறுத்தத்தை முறியடித்தார். 1986-ல் காஸை விற்றார்கள். 1990-ல் மின்சார விநியோகத்தை விற்றார்கள். மக்களின் சொத்து பங்கு மார்க்கெட்டுக்குப் போயிற்று.

விளைவைப் பாருங்கள். ஒரு சராசரி வீட்டின் காஸ், மின்சாரக் கட்டணத்துக்கு அரசாங்கக் கண்காணிப்பு ஸ்தாபனம் வைத்த உச்சவரம்பு 2021 அக்டோபரில் ஆண்டுக்கு 1,277 பவுண்டு. 2022 அக்டோபரில், சர்க்கார் தன் கஜானாவிலிருந்து கொட்டிக் கொடுத்த பிறகும், 2,500 பவுண்டு. 2024 அக்டோபரில் 1,717 பவுண்டு. உக்ரைன் யுத்தத்தால் காஸ் விலை ஏறியது உண்மைதான். ஆனால் அதே 2022-ல் ஷெல் கம்பெனி சம்பாதித்த லாபம் ஏறத்தாழ 4,000 கோடி டாலர்! யுத்தம் கிழவிக்குக் குளிரைக் கொடுத்தது, கம்பெனிக்குக் கொள்ளையைக் கொடுத்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மில் தோழர்களுக்குப் பஞ்சப்படி தெரியும். விலைவாசி ஏறினால் அதற்கு ஈடாகச் சம்பளத்தோடு வருவது. அதுபோல பிரிட்டனில் வயோதிகர்களுக்கு 1997 முதல் ஒரு குளிர்ப்படி உண்டு. பென்ஷன் வயது வந்தவர் உள்ள வீட்டுக்குக் குளிர்காலத்துக்கு 200 பவுண்டு, 80 வயதானவர் இருந்தால் 300 பவுண்டு. ஒரு பவுண்டு என்பது நூறு ரூபாய்க்கு மேல். ஆனால் அங்கே விலைவாசியும் அந்தக் கணக்கில்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். இந்தப் படிக்குப் பெரும்பாலோர் மனுப் போட வேண்டியதில்லை. யார் காலிலும் விழ வேண்டியதில்லை. வயது வந்தால் பணம் வரும். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பெற்றுவந்தார்கள்.

2024 ஜூலையில் தேர்தல் நடந்தது. டோரிகள் ஒழிந்தார்கள். தொழிற்கட்சி பெரும் மெஜாரிட்டியுடன் வந்தது. தொழிலாளி பெயரைத் தாங்கிய கட்சி! அந்த மாதம் முடிவதற்குள், ஜூலை 29-ம் தேதி, நிதி மந்திரி ரேச்சல் ரீவ்ஸ் எழுந்தார். கஜானாவில் 2,200 கோடி பவுண்டு பள்ளம் இருக்கிறது என்றார். அந்தப் பள்ளத்தை நிரப்ப முதல் மண்ணை எங்கே தோண்டினார்? வயோதிகர் வீட்டு அடுப்படியில் தோண்டினார். இனிமேல் ஏழ்மையை நிரூபித்து உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு மட்டுமே குளிர்ப்படி என்றார். ஏறத்தாழ ஒரு கோடி முதியோர் ஒரே வெட்டில் வெளியே தள்ளப்பட்டார்கள். சுமார் 15 லட்சம் பேர்தான் உள்ளே மிஞ்சினார்கள். மிச்சப்பட்டது ஆண்டுக்கு 140, 150 கோடி பவுண்டு.

இதற்கு அவர்கள் சொன்ன வாதத்தைக் கவனியுங்கள். "கோடீஸ்வரக் கிழவனுக்கு எதற்குக் குளிர்ப்படி? ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா?" கேட்கும்போது நியாயமாகத்தான் படும். நம்மிடையேகூடத் தலையாட்டுகிறவர்கள் இருப்பார்கள். கத்தி இருக்கும் இடம் இதுதான், தோழர்களே.

கோடு எங்கே போட்டார்கள் பாருங்கள். தனியாக வாழும் முதியவரின் வருமானம் வாரம் 218 பவுண்டு 15 பென்சுக்குள் இருந்தால் ஏழை என்பது 2024-ல் இருந்த கோடு. ஆனால் முழுப் புதிய பென்ஷனே அப்போது வாரம் 221 பவுண்டு 20 பென்ஸாக இருந்தது. வேறு காசு ஒன்றுமில்லாமல், நோய், ஊனம் போன்ற தனிச் சலுகையும் இல்லாமல், அந்தப் பென்ஷனை மட்டும் நம்பி வாழ்ந்தவர் கோட்டுக்கு மேலே 3 பவுண்டு 5 பென்ஸ் நின்றார். ஆகவே அவர் ஏழையல்ல! கணக்குப் போடுங்கள். வாரம் 3 பவுண்டு 5 பென்ஸ் என்றால் 52 வாரத்துக்கு 158 பவுண்டு 60 பென்ஸ். அதற்காக அவர் இழந்தது 200 பவுண்டு. கோட்டுக்குக் கீழே உள்ளவரைவிட அதிகப் பென்ஷன் வாங்கி, அவரைவிட ஏழையாகிவிட்டார். இவரா கோடீஸ்வரர்?

சரி, கோட்டுக்குக் கீழே இருந்தவர்களுக்காவது கிடைத்ததா? தகுதி இருந்தும் அந்த உதவித்தொகையைக் கேட்டு வாங்காத குடும்பங்கள் 8 லட்சத்து 80 ஆயிரம் வரை இருக்கும் என்பது சர்க்காரே கொடுத்த கணக்கு. ஏன் வாங்கவில்லை? அந்த விண்ணப்பத்தில் 243 கேள்விகள்! எல்லாருக்கும் எல்லாக் கேள்வியும் பொருந்தாது என்றார்கள். 80 வயதில், கண் மங்கிய நிலையில், எது பொருந்தும் எது பொருந்தாது என்று பிரித்துப் பார்ப்பது யார்?

இன்னொரு காரணமும் உண்டு. மானம். அந்தக் காலத்தில் பிரிட்டனில், வேலை செய்யத் திராணியற்ற ஏழைக் கிழவனைச் சிறை போன்ற தரும விடுதியில் தள்ளுவார்கள். புருஷனை ஒரு பக்கம், மனைவியை ஒரு பக்கம் பிரித்து வைப்பார்கள். 1908-ல் சட்டம் வந்து, 1909 ஜனவரி 1 முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் பென்ஷன் கிடைத்தது. அதிலும் வருமானச் சோதனை உண்டு. அந்தச் சோதனையின் கசப்பு மூன்று தலைமுறையாக ரத்தத்தில் ஊறியிருக்கிறது. "உழைத்தேன், வரி கட்டினேன், எனக்குரியதைக் கொடு" என்று கேட்கத் தயாராக இருக்கும் உழைப்பாளி, "நான் பரம ஏழை, என்னைச் சோதித்துப் பார்" என்று போய் நிற்கக் கூசுகிறான். சர்க்காருக்கு இது தெரியும். அந்தக் கூச்சமே அவர்களுக்குச் சிக்கனம்.

2024 செப்டம்பர் 10-ம் தேதி காமன்ஸ் சபையில் ஓட்டெடுப்பு நடந்தது. வெட்டை ரத்து செய்யும் தீர்மானத்துக்கு எதிராக 348, ஆதரவாக 228. தொழிற்கட்சி அணியிலிருந்து துணிந்து சர்க்காரை எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒரே ஒருவர், யார்க்‌ஷயரின் பழைய சுரங்கப் பகுதியிலிருந்து வந்த ஜான் டிரிக்கெட். ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிற்கட்சியினரின் ஓட்டுப் பதிவாகவில்லை. அனுமதி பெற்று வராதவர்களும் அதில் உண்டு, மனச்சாட்சி உறுத்தி ஒதுங்கியவர்களும் உண்டு. 2017-ல் டோரிகள் இதே மாதிரி வெட்ட நினைத்தபோது, ஏறத்தாழ 4,000 முதியவர்கள் சாவார்கள் என்று கூக்குரலிட்டது இதே தொழிற்கட்சி! 2024 நவம்பரில் சர்க்காரின் சொந்தக் கணக்கே வெளிவந்தது. இந்த வெட்டினால் சில ஆண்டுகளில் 50,000 பேரும் சில ஆண்டுகளில் ஒரு லட்சம் பேரும் கூடுதலாக வறுமையில் விழுவார்கள் என்றது அது.

அந்த இலையுதிர் காலத்திலேயே, செப்டம்பர் 30-ம் தேதி, பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையமான ராட்க்ளிஃப் மூடப்பட்டது. தேசத்துக்கே சூடு கொடுத்த சுரங்கத் தொழிலாளியின் தலைமுறை, தன் வீட்டில் சூடு போடலாமா வேண்டாமா என்று காசை எண்ணிக்கொண்டிருந்தது.

ஆனால் அவர்கள் எண்ணிக்கொண்டு மட்டும் உட்காரவில்லை. ஸ்பெயின் யுத்தத்தில் பாசிசத்தை எதிர்த்துப் போரிட்ட துறைமுகத் தொழிலாளி ஜாக் ஜோன்ஸ், ஓய்வு பெற்ற பின் கட்டி வளர்த்த முதியோர் இயக்கம் அங்கே உண்டு. அது களத்தில் இறங்கியது. யூனைட் தொழிற்சங்கம் இறங்கியது. செப்டம்பர் கடைசியில் லிவர்பூலில் நடந்த தொழிற்கட்சி மகாநாட்டிலேயே, வெட்டை ரத்து செய் என்ற தீர்மானத்தைத் தொழிற்சங்கங்கள் நிறைவேற்றிக் காட்டின. மந்திரிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குளிர்காலம் அப்படியே கழிந்தது.

2025 மே 1-ம் தேதி தேர்தல்கள் வந்தன. தொழிற்கட்சி பல இடங்களில் மண்ணைக் கவ்வியது. ரன்கார்ன் இடைத்தேர்தலில் 6 ஓட்டில் தோற்றது. வீடு வீடாகப் போன தொண்டர்களிடம் ஜனங்கள் குளிர்ப்படியைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று அக்கட்சியினரே சொன்னார்கள். ஆனால் ஜெயித்தது யார்? வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்மீது துவேஷத்தைக் கிளப்பும் வலதுசாரிக் கட்சி. தொழிலாளி பெயரைச் சொல்லித் தொழிலாளியை வெட்டினால், அந்தக் கோபத்தை அறுவடை செய்யப் பிற்போக்காளன் அரிவாளோடு காத்திருக்கிறான். இதை நாம் நன்றாக மனதில் வைக்க வேண்டும்.

மே 21-ம் தேதி பிரதம மந்திரி ஸ்டார்மர் இறங்கிவந்தார். ஜூன் 9-ம் தேதி அறிவிப்பு வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ள முதியோருக்கெல்லாம் மீண்டும் குளிர்ப்படி. சுமார் 90 லட்சம் பேருக்கு. எந்த முறையில்? வயது வந்தவர்களுக்குத் தானாகவே பணம் போகும். அதற்கு மேல் வருமானமுள்ளவரிடமிருந்து வரி மூலம் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்.

பார்த்தீர்களா? கோடீஸ்வரனுக்கு ஏன் என்ற கேள்விக்கு விடை முதலிலிருந்தே இதுதான். எல்லாருக்கும் கொடு, பணக்காரனிடம் வரியாக வாங்கு. அதைச் சொல்ல ஒரு குளிர்காலம் பிடித்தது. அந்தக் குளிர்காலத்தில் இழந்த பணம் திரும்ப வரவில்லை. படியின் தொகையும் 2000-ல் இருந்த அதே 200 பவுண்டுதான். ஆகவே இது முழு வெற்றியல்ல. ஆனாலும் அசைக்க முடியாத மெஜாரிட்டி என்று மார்தட்டிய சர்க்காரை அசைத்த வெற்றி.

இப்போது வாசலில் கேட்ட தோழருக்குப் பதில். மில்லில் பிராவிடண்ட் ஃபண்டு பென்ஷன் வாங்குகிற நம் தோழருக்கு 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2024-ல் பத்து வருஷம் நிறைந்தபோதும் அதே 1,000 ரூபாய். 65 முதல் 79 வயது வரை உள்ள ஏழைக்கு மத்திய சர்க்காரின் முதியோர் பென்ஷன் பங்கு 2007-ல் மாதம் 200 ரூபாய். பதினைந்து வருஷம் கடந்தும் அதே 200. அதற்கும் வறுமைக் கோடு என்ற கோடு. மகன் வீட்டில் இருக்கிறான், ஓட்டு வீடு இருக்கிறது என்று எத்தனை மனுக்கள் திரும்பிவருகின்றன என்பது உங்களுக்கே தெரியும். அங்கே 243 கேள்வி, இங்கே பத்து ஆபீஸ் வாசல்.

"உண்மையான ஏழைக்கு மட்டும்" என்று எவனாவது மேடையில் பேசினால், அடுத்த கேள்வியை உடனே கேளுங்கள்: கோட்டை எங்கே போடுகிறாய்? கோட்டுக்கு மேலே 3 பவுண்டு நிற்கிறவன் கதி என்ன? எல்லாருக்குமான உரிமையை வெட்டினால் ஒரு கோடி பேர் எழுவார்கள். ஏழைக்கு மட்டும் என்று சுருக்கியதை வெட்டினால் எழக்கூடியவர்கள் கொஞ்சம்தான். அதனால்தான் முதலில் சுருக்குகிறார்கள், பிறகு வெட்டுகிறார்கள்.

ஆகவே தோழர்களே, இன்று வேலையில் இருக்கும் இளைஞர்கள், ஓய்வு பெற்றவர்களின் கோரிக்கையை உங்கள் கோரிக்கைப் பட்டியலில் முதலிலேயே எழுதுங்கள். நீங்களும் ஒருநாள் கிழவராகப் போகிறவர்கள்தான். மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து, தெருத்தெருவாக முதியோர் பட்டியலை எடுங்கள். யாருக்குப் பென்ஷன் வருகிறது, யாருக்கு நின்றது, எந்த ஆபீஸில் மனு தூங்குகிறது என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு ஊர்வலமாகப் போவோம்.

உழைத்து ஓய்ந்த கைகளுக்குப் பென்ஷன் உரிமை! அது எவர் போடும் பிச்சையுமல்ல!

உழைப்பாளர் ஒற்றுமை ஓங்குக!