தூறலுக்கு அடைமழை, இளஞ்சூட்டுக்கு எது?

(எண்ணூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் சகோதரி ஒருவர் பேசியது. பேசியபடியே தருகிறோம்.)



சந்தா, உள்கடன், தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டீர்கள். தீர்மான நோட்டிலும் கையெழுத்து ஆகிவிட்டது. எனக்குக் கொடுத்த அரை மணி நேரத்தில் உங்களை ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வருகிற கேள்விதான்.

தூறல் : அடைமழை :: இளஞ்சூடு : ?

குளிர்ச்சி, வெதுவெதுப்பு, கொதிப்பு, தண்ணீர். இந்த நாலில் ஒன்று விடை.

நடுவில் இருக்கிற புள்ளிகளைப் பார்த்து மிரள வேண்டாம். "தூறலுக்கு அடைமழை எப்படியோ, இளஞ்சூட்டுக்கு எது அப்படி?" என்று வாசித்தால் போதும். இதற்கு ஒப்புமைக் கேள்வி என்று பேர்.

பின்வரிசையிலிருந்து "குளிர்ச்சி" என்று சத்தம் வருது. நம்மில் பாதிப் பேருக்கு அதுதான் முதலில் வரும். பள்ளிக்கூடத்தில் "எதிர்ச்சொல் தருக" என்று எழுதி எழுதிப் பழகிவிட்டோம். சூடு என்றதும் குளிர் தானாக வாயில் வந்து நிற்கும். ஆனால் முதல் ஜோடியைப் பாருங்க. தூறலுக்கு எதிர் அடைமழையா? இரண்டும் மழைதானே! ஒன்று லேசு, இன்னொன்று பலம். அப்படியென்றால் இளஞ்சூட்டுக்கு ஜோடியாக வருவதும் சூடாகத்தான் இருக்கணும், ஆனால் பலமான சூடாக இருக்கணும். வெதுவெதுப்பு என்பது இளஞ்சூட்டுக்கே இன்னொரு பேர்; ஒரு படிகூட ஏறவில்லை. தண்ணீர் சூடாகிற பொருள், சூடு இல்லை. மிச்சம் இருப்பது கொதிப்பு. அதுதான் விடை.

இது என்ன விடுகதையா, இதற்கு ஏன் கூட்டத்தில் நேரம் என்று கேட்பீர்கள். இதில் 48,000 ரூபாய் இருக்கு.

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை என்று ஒரு திட்டம். பள்ளியில் என்.எம்.எம்.எஸ். பரீட்சை என்பார்கள். மத்திய அரசு 2008-ல் கொண்டு வந்தது. எட்டாம் வகுப்பில் எழுதித் தேர்வாகும் பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 4 வருஷம் பணம் வரும். முதலில் மாதம் 500 ரூபாயாக இருந்தது, 2017-லிருந்து மாதம் 1,000 ரூபாய். வருஷத்துக்கு 12,000. நாலு வருஷக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. வட்டி கிடையாது, தவணை கிடையாது, ஜாமீன் கையெழுத்தும் கிடையாது. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. தமிழ்நாட்டுக்கு 6,695 இடம்.

பரீட்சை இரண்டு பகுதி. ஒன்று பாடத்திலிருந்து, 90 கேள்வி. இன்னொன்று மனத்திறன், அதுவும் 90 கேள்வி, 90 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரே நிமிடம். இந்த மனத்திறன் பகுதியில்தான் ஒப்புமை வருது. பாடத்தைப் பள்ளியில் நடத்திவிடுகிறார்கள். மனத்திறனுக்குத் தனியாகப் புத்தகம் வாங்கணும், தனி வகுப்புக்குப் போகணும் என்று பலர் நினைத்து, பிள்ளையைப் பரீட்சைக்கே அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். சொல் ஒப்புமைக்கு அந்தச் செலவு வேண்டாம். அதற்கான சரக்கு உங்கள் வாயிலேயே இருக்கு. நான் மேலே சொல்வேன், நீங்களே பாருங்க.

நம்ம காசிமேடு, நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் பெண்களுக்கு ஒரு ஏணி மனப்பாடம். ரேடியோவில், டிவியில் கேட்டுக் கேட்டுப் பதிந்தது. காற்றழுத்த தாழ்வுப் பகுதி என்றால் வலையைக் கொஞ்சம் மேலே இழுத்து வைப்போம். அது தாழ்வு மண்டலமாகும், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகும். அதற்கு மேல் புயல், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல் என்று ஏறும். இந்தப் பேரெல்லாம் சும்மா வைத்ததில்லை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்று பேர் கொடுப்பார்கள். 89-ல் தீவிரப் புயல். 118-ல் மிகத் தீவிரப் புயல். மழைக்கும் இதேபோல ஓர் ஏணி இருக்கு. ஒரே நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 21-ம் அதற்கு மேலும் போனால் அதி கனமழை.

இப்போது கேள்வி.

கனமழை : அதி கனமழை :: புயல் : ?

தாழ்வு மண்டலம், தீவிரப் புயல், மிகத் தீவிரப் புயல், அமைதி.

தீவிரப் புயல் என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீங்க. கனமழையிலிருந்து அதி கனமழைக்கு எத்தனை படி? நடுவில் மிகக் கனமழை இருக்கு, ஆக இரண்டு படி. புயலிலிருந்தும் இரண்டு படி ஏறணும். விடை மிகத் தீவிரப் புயல். அமைதி என்பது எதிர்ப் பக்கம், தாழ்வு மண்டலம் கீழே இறங்குகிற படி.

ஏணியை மாற்றிவிடவும் கூடாது. 2016 டிசம்பர் 12-ல் நம்மைக் கடந்துபோன வர்தா, கடலில் மிகத் தீவிரப் புயல் என்ற படி வரைக்கும் போனது. 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் அதற்கு ஒரு படி கீழே, தீவிரப் புயல். கரை கடந்ததும் இங்கே இல்லை, ஆந்திராவில் பாபட்லா பக்கம். படி குறைவுதானே என்று இருந்துவிட முடிந்ததா? வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வர்தாவில் மரம் விழுந்தது, மிக்ஜாமில் தெரு மூழ்கியது. ஒன்று காற்று ஏணி, மற்றது மழை ஏணி. பரீட்சையில் நாலு விடையில் ஒன்றை வேறு ஏணியிலிருந்து கொண்டுவந்து பக்கத்தில் வைப்பார்கள். பிள்ளை அதில்தான் வழுக்கும்.

எதிர்ச்சொல் ஜோடி இதைவிடச் சுலபம். வரவு : செலவு :: லாபம் : நட்டம். கணக்கு நோட்டு எழுதுகிற உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும் பாருங்க. சேமிப்புக்கு எதிர் கடன் என்று சிலர் சொல்வார்கள். நம்ம குழுவில் சேமிப்பிலிருந்துதான் கடனே கொடுக்கிறோம், அது எப்படி எதிராகும்? எதிர் என்றால் ஒன்றை மற்றொன்று மறுக்கணும்.

எதிரிலும் பலம் பார்க்கணும், இதைத்தான் புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை. நம்ம வடசென்னைப் பேச்சிலேயே கேட்கிறேன்.

கொஞ்சம் : நிறைய :: தம்மாத்தூண்டு : ?

(சிரிப்பு. "எக்கச்சக்கம்" என்று பலர் ஒரே குரலில்.)

பாருங்க, யாரும் "நிறைய" என்று சொல்லவில்லை! தம்மாத்தூண்டு என்பது கடைசிப் படி. அதற்கு எதிரும் அந்தப் பக்கத்துக் கடைசிப் படியாகத்தான் இருக்கணும் என்று உங்களுக்குத் தானாகத் தெரிந்திருக்கு. பரீட்சையில் தம்மாத்தூண்டு வராது, அது வேறு விஷயம். அங்கே "வெதுவெதுப்பு : குளிர்ச்சி :: கொதிநிலை : உறைநிலை" என்று வரும். கணக்கு ஒன்றுதான்.

சொல்லின் தலையைப் பார்த்தும் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். நீதி – அநீதி, மரியாதை – அவமரியாதை, அதிர்ஷ்டம் – துரதிர்ஷ்டம். இதெல்லாம் எதிர்ப் பக்கம். ஆசை – பேராசை, மழை – பெருமழை, வெயில் – கடும்வெயில். இதெல்லாம் அதே பக்கம், பலம் கூடுது. பேராசை கெட்டது என்பதால் ஆசைக்கு எதிர் என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். நல்லது கெட்டது இங்கே கேட்கவில்லை. நிறத்துக்கு நம்ம தமிழில் தனி அழகு: கருப்பு கூடினால் கன்னங்கரேல், சிவப்பு கூடினால் செக்கச்செவேல். இந்த மாதிரிச் சொல்லைப் பிள்ளை நம்மிடம்தான் கேட்டுப் பழகணும், டிவியில் வருவதில்லை.

இன்னொரு சங்கடம், ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது. "வாடை" என்று ஒரு சொல். பக்கத்தில் தென்றல் நின்றால் அது வடக்கிலிருந்து வருகிற காற்று, தென்றல் தெற்கிலிருந்து வருவது, ஆக எதிர். பக்கத்தில் நெடி நின்றால் அது மூக்கில் ஏறுகிற வாடை. அப்போது எதிர் இல்லை, பலம் கூடுகிற ஜோடி. 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, மூச்சு முட்டி ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்களே, அதை யாராவது வாடை என்று சொல்வோமா? நெடி என்றுதான் சொல்வோம். எந்தச் சொல் என்ன பொருளில் நிற்கிறது என்பதை அதன் ஜோடிதான் காட்டும். அதனால் முதல் ஜோடியை முழுசாகப் படிக்காமல் விடையைப் பார்க்கவே விடாதீர்கள்.

ஏறுதா இறங்குதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்க. "கதறல் : சிணுங்கல் :: அடைமழை : ?" என்றால் பாதிப் பிள்ளைகள் பெருவெள்ளம் என்று மேலே போய்விடும். கதறலிலிருந்து சிணுங்கலுக்கு இறங்குகிறோம். விடை தூறல்.

மீஞ்சூர், பொன்னேரி பக்கத்துச் சகோதரிகளும் இதைப் படிப்பீர்கள் என்று செய்திமடல் பொறுப்பாளர் சொன்னார். உங்களுக்குக் கடல் வேண்டாம், வயலே போதும். பயிர் வாடுவதற்கும் கருகுவதற்கும் எத்தனை படி என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் கேட்கலாம். மீன் அலசும்போது, களை எடுக்கும்போது, ஒரு நாளைக்கு ஐந்து கேள்வி. விடை சரியா என்பதோடு விடாதீங்க. "ஒரே பக்கமா, எதிர்ப் பக்கமா? எத்தனை படி? ஏறுதா, இறங்குதா?" என்று கேளுங்க. மீனுக்குக் கருவாடு, பாலுக்குத் தயிர் மாதிரி வேறு வகை ஒப்புமைகளும் வரும். அவற்றை இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம்.

விண்ணப்பம் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போகும். பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போனதும் அவரிடம் நேரில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் போய்க் கேட்டால் இன்னும் நல்லது. வருமானச் சான்றிதழையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

வீட்டுக்கு மூன்று கேள்வி தருகிறேன்.

கருப்பு : கன்னங்கரேல் :: வெள்ளை : ?

பேராசை : ஆசை :: வெடிச்சிரிப்பு : ?

ஏழை : பரம ஏழை :: பணக்காரர் : ? (ஏழை, வசதியானவர், கோடீஸ்வரர், வங்கி)

மூன்றாவதில் பிள்ளை எதைத் தள்ளியது, ஏன் தள்ளியது என்று கேட்டுக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.