உரியாத பெயர்ப்பலகை



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளின் வாசலில் இப்போது மரப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கலாம். தேக்குப் பலகையிலோ பிளைவுட்டிலோ வீட்டின் பெயர், கதவு எண், ஓரத்தில் ஒரு பிள்ளையார் அல்லது பூங்கொடி. முன்பு இதை ஓவியர் தூரிகையால் எழுதுவார். அல்லது ஆசாரி செதுக்கித் தருவார். இன்று யு.வி. (புற ஊதா) பிரிண்டர் சில நிமிடங்களில் பலகையின் மேலேயே நேராக அச்சடித்துவிடுகிறது. பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் அதன் மேல் நிறமற்ற கிளியர் கோட் அடிக்கிறார்கள்.

கையில் வாங்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை கடந்ததும் சில பலகைகளில் ஓரம் தூக்குகிறது. நகத்தால் நெருடினால் கிளியர் கோட் தோல் தோலாக உரிந்து வருகிறது. வாடிக்கையாளர் கடைக்காரரைக் கேட்கிறார். கடைக்காரர் பாலிஷ்காரரைக் கேட்கிறார். பாலிஷ்காரர் பெயிண்ட் கம்பெனியைக் குறை சொல்கிறார். ஆனால் பெரும்பாலும் கோளாறு இருப்பது அச்சுக்கும் பூச்சுக்கும் நடுவில். அந்த நடு இடத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம் ஊர்ப் பாலிஷ் வேலை மரத்தின் குணத்தை நம்பி வளர்ந்தது. மரத்துக்கு நுண்துளைகள் உண்டு. வார்னிஷ் அடித்தால் அது துளைகளுக்குள் இறங்கிக் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சால் ஒற்றும் பிரெஞ்சு பாலிஷில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டாம் கை பூசும்போது அதிலுள்ள ஸ்பிரிட் முதல் கையின் மேற்பரப்பைக் கொஞ்சம் கரைக்கும். இரண்டும் கலந்து ஒரே படலமாகும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் அப்படியே. ஆகவே, ஒரு கைக்கு மேல் இன்னொரு கை போட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்பது தலைமுறைகளாகப் பாலிஷ்காரர்கள் கண்ட உண்மை. யு.வி. அச்சுக்கு மட்டும் அது பொருந்துவதில்லை.

காரணம், யு.வி. மை காற்றில் உலர்வதில்லை. அது அக்ரிலேட் என்ற வேதிப்பொருள்களாலான திரவம். அச்சுத்தலையை ஒட்டியே ஒரு புற ஊதா விளக்கு நகர்ந்து வரும். இன்றைய இயந்திரங்கள் பலவற்றில் அது 395 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிரும் எல்.இ.டி. விளக்கு. ஒளி பட்ட மாத்திரத்தில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டிப்படுகின்றன. மரத்துக்குள் ஆழமாக இறங்க மைக்கு நேரமே கிடைப்பதில்லை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலமாக நின்றுவிடுகிறது. பின்னிக்கொண்ட அந்தப் படலத்தைத் தின்னரால் கரைக்க முடியாது. போதாக்குறைக்கு, மை சீராகப் பரவுவதற்காகச் சிலிகோன் வகைப் பொருள்களைச் சிறிதளவு சேர்ப்பதுண்டு. அவை மேற்பரப்பில் வந்து தங்கிவிடும். அதன் மேல் விழும் கிளியர் கோட் தாமரை இலைத் தண்ணீர்தான்: பரவாமல் திரளும், பரவினாலும் பற்றாது.

ஆக, அச்சான இடத்தில் நாம் பூசுவது மரத்தின் மேல் என்று நினைக்கக்கூடாது; பிளாஸ்டிக்கின் மேல் பூசுகிறோம். துளையில்லாத பரப்பில் பெயிண்டைப் பிடிக்கவைக்கும் வித்தை அம்பத்தூருக்குப் புதிதல்ல. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் இந்த ஊரில்தான் வளர்ந்தது. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகப் பட்டறைகள் பெருகின. பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்த்த எவரையும் கேளுங்கள். இரும்பை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, பாஸ்பேட் குளியல் கொடுத்து, பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்பார்கள். பெயிண்ட் நிற்பதும் உரிவதும் அதற்கு முன் செய்த வேலையைப் பொறுத்தது என்பது அங்கே பாலபாடம். பக்கத்துத் தெரு இரும்புப் பட்டறை அறிந்த இந்த ஒழுங்கை மரப் பலகைக்கும் கொண்டுவர வேண்டும். என் பேச்சின் சாரம் இதுதான்.

ஏற்கெனவே உரிந்த பலகை கையில் இருந்தால், உரிந்த தோலைத் திருப்பிப் பாருங்கள். தோல் நிறமின்றித் தெளிவாக இருந்து, அச்சு பலகையிலேயே முழுதாக நின்றால், மைக்கும் கிளியர் கோட்டுக்கும் நடுவில் பிடிப்பு இல்லை. அச்சும் தோலோடு வந்து வெறும் மரம் தெரிந்தால், மைக்கும் மரத்துக்கும் நடுவில் கோளாறு. மரத்தின் ஈரமோ, தூசியோ, தேக்கில் இயல்பாக உள்ள எண்ணெயோ காரணமாக இருக்கலாம். நிறம் பாதி தோலிலும் பாதி பலகையிலுமாகப் பிரிந்தால், மை அடிவரை கெட்டிப்படவில்லை. விளக்கு மங்கியிருக்கும், அல்லது இயந்திரத்தை வேகமாக ஓட்டியிருப்பார்கள். அடர்ந்த கறுப்பும் வெள்ளையும் ஒளியை எளிதில் உள்ளே விடுவதில்லை என்பதால் அந்த இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி வேலைமுறை. பலகை நன்கு உலர்ந்திருக்க வேண்டும். ஈரமானி இருந்தால் 12 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீலர் அடித்து, 320 எண் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்துவிட்டு அச்சடியுங்கள். அச்சடித்த அன்றே கிளியர் கோட் அடிக்க வேண்டாம். ஒரு நாள் பொறுங்கள். மறுநாள், நூல் உதிராத வெள்ளைத் துணியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் மை இன்னும் முற்றவில்லை. மறுபடி விளக்கொளி காட்டுங்கள். நிறம் ஏறாவிட்டால், அதே ஆல்கஹாலால் பலகை முழுவதையும் இலேசாகத் துடைத்து, கைப்பிசுக்கையும் எண்ணெயையும் போக்குங்கள். அதன் பிறகு வெறும் கை அதில் படக்கூடாது.

அடுத்தது சொரசொரப்பு. 800 எண் வாட்டர் பேப்பரை அழுத்தாமல் ஓட்டி, அச்சின் மினுமினுப்பை மட்டும் மங்கச் செய்யுங்கள். மைப் படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு தலைமுடியின் பருமனைக்கூட எட்டாது. அழுத்தித் தேய்த்தால் எழுத்தே போய்விடும். தேய்க்க முடியாத நுட்பமான படமாக இருந்தால், பிளாஸ்டிக் பரப்புக்கென விற்கும் பிரைமரை மெல்லியதாக அடிக்கலாம். இயந்திரத்திலேயே யு.வி. வார்னிஷ் வசதி இருந்தால், அச்சோடு சேர்த்து அதை அடிப்பது இன்னும் நல்லது. மையும் அதுவும் ஒரே அக்ரிலேட் இனம் என்பதால் வேதியியல் முறையிலேயே பிணைந்துகொள்ளும்.

கிளியர் கோட்டுக்கு ஹார்ட்னர் கலக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) ஏற்றது. வெயில் படும் பலகைக்கு வெளிப்புறத்துக்கென்றே விற்கும் வகையை வாங்குங்கள். கலவை அளவு டப்பாவில் போட்டபடி இருக்கட்டும், கண்ணளவு வேண்டாம். முதல் கை மிக மெல்லியதாக, அது இழுத்துக்கொண்ட பின் முழுக் கை. முதலிலேயே கனமாக அடித்தால் தின்னர் தேங்கி மையைச் சுருக்கிவிடக்கூடும். மழைநாளில் அடிக்காதீர்கள், ஹார்ட்னர் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து, கரியமில வாயு உண்டாகி, பூச்சு குமிழி விடும்.

பலகையின் முதுகு, நான்கு விளிம்பு, ஆணித்துளை எல்லாவற்றுக்கும் பூச்சு வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசிய பலகை பின்வழியாக ஈரத்தைக் குடிக்கும். மரம் மழையில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கி, முன்பக்கப் பூச்சைத் தூக்கிவிடும்.

எந்தப் புது மைக்கும், எந்தப் புது மரத்துக்கும் ஒரு சோதனைத் துண்டு செய்யுங்கள். பூச்சு ஒரு வாரம் முற்றிய பின், பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நெடுக்கே ஆறு கோடு, குறுக்கே ஆறு கோடு கீறினால் 25 கட்டங்கள் வரும். அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி உரியுங்கள். ஐ.எஸ்.ஓ. 2409 என்ற உலகத் தரமுறை இதையே 0 முதல் 5 வரை மதிப்பிடுகிறது. ஒரு கட்டமும் பெயராவிட்டால் 0, அதுவே முதல் தரம். இன்னொரு துண்டில் ஈரத்துணியை ஓர் இரவு போட்டுவைத்து, மறுநாள் இதையே செய்யுங்கள். நம் மழையைத் தாங்குமா என்பது அப்போது தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பி.யு. ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்யும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமா வரலாம். உடல் ஒருமுறை ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவும் மூச்சை முட்டவைக்கும். முகத்தில் கட்டும் கைக்குட்டை இதைத் தடுக்காது. நல்ல காற்றோட்டமும், ஸ்ப்ரே வேலைக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியும், கையுறையும் கட்டாயம் வேண்டும். கெட்டிப்படாத யு.வி. மையும் தோலுக்கு ஆகாது. ஒரு பலகையின் பளபளப்புக்காக எந்தத் தொழிலாளியும் தன் நுரையீரலைக் கொடுக்கக்கூடாது.

பட்டறை நடத்துவோரே, சோதனைத் துண்டுக்கும் காத்திருக்கும் நாள்களுக்கும் உங்கள் கணக்கில் இடம் கொடுங்கள். பலகை வாங்குவோரே, கிரகப்பிரவேசத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய் அவசரப்படுத்தாதீர்கள். சில வாரம் முன்பே சொல்லிவையுங்கள். வாங்கும்போது பலகையைத் திருப்பி, முதுகிலும் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். டேப் சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள். கேட்கிற வாடிக்கையாளர் இருந்தால், செய்கிற பட்டறையும் இருக்கும்.