சல்லடையில் நிற்காத பங்குகள்



பங்கு முதலீடு பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஆலோசகன் அல்ல, மெக்கானிக்கல் இன்ஜினீயர். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்லப் போவதில்லை. எதைத் தொடக் கூடாது என்று கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். அதைக் கற்க நான் கட்டிய ஃபீஸ் 85 ஆயிரம் ரூபாய்.

பஸ் டிரைவராக இருந்த அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒரு லட்சத்தை என்னிடம் கொடுத்தார். 2017இல் அதை அப்படியே ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் போட்டேன். பங்கின் விலை 80 ரூபாய், ஒரு பங்குக்கான லாபம் 10 ரூபாய். அதாவது பி.இ. விகிதம் 8. மற்றதெல்லாம் 25, 30 என்று விற்கும்போது இது 8தானே, மலிவு என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி!

அந்த 10 ரூபாயில் 7 ரூபாய், நிலம் விற்று வந்த லாபம். தொழிலில் வந்தது 3 ரூபாய்தான். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் 3, 2 என்றுதான் இருந்தது. பெஞ்சமின் கிரஹாம் 1949இல் வெளியிட்ட புத்தகம் ஒன்று உண்டு, 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. ஒரே ஆண்டு லாபத்தை நம்பாதே, மூன்றாண்டுச் சராசரியை எடு, விலை அதன் 15 மடங்கைத் தாண்டக் கூடாது என்பது அதில் அவர் வகுத்த கணக்கு. என் பங்குக்குச் சராசரி 5, விகிதம் 16. அங்கேயே கழிந்திருக்கும். மூலதனத்தைப் போல இரண்டரை மடங்கு கடன் வேறு. 2018இல் சிறு நிறுவனப் பங்குகள் சரிந்தபோது 12 ரூபாய்க்கு விற்றுவிட்டு வெளியே வந்தேன்.

அப்பாவிடம் சொல்ல ஒன்றரை வருடம் ஆயிற்று. "பஸ்ல ஏறுறதுக்கு முன்னாடி போர்டு பார்க்க மாட்டியாடா?" என்று மட்டும் கேட்டார்.

நம் ஒர்க்‌ஷாப்பில் 'கோ, நோ-கோ' கேஜ் ஞாபகம் இருக்கிறதா? 'கோ' முனை துளைக்குள் போக வேண்டும், 'நோ-கோ' முனை போகக் கூடாது. தப்பினால் ரிஜெக்ட். ஆனால் பாஸான பாகத்தால் இன்ஜின் நன்றாக ஓடும் என்று கேஜ் சொல்லாது. பங்குச் சல்லடையும் அப்படித்தான்.

இப்போது நான் பார்ப்பவை கொஞ்சம்தான். கடன், பங்கு மூலதனத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. (வங்கிகளுக்கு இது பொருந்தாது; கடன் வாங்கிக் கடன் கொடுப்பதே அவர்கள் தொழில்.) போட்ட மூலதனத்துக்கு ஐந்தாண்டுகளாக 15 சதவீதமாவது வருமானம் வேண்டும். பிறகு நான் பெரிதாக நினைப்பது ஒன்று: ஐந்தாண்டு லாபத்தைக் கூட்டி, அதே ஐந்தாண்டுகளில் தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வந்த ரொக்கத்தோடு ஒப்பிடுவேன். சரக்கைக் கடனுக்கு அனுப்பினாலும் லாபம் என்று எழுதலாம், பணம் வராமலே போகலாம். என் கட்டுமானக் கம்பெனியில் மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டு ரொக்கம் மைனஸ்!

ஸ்டீல், சிமெண்ட் போன்ற ஏற்ற இறக்கத் தொழில்களில் இன்னொரு பொறி. லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அடுத்த ஆண்டு லாபம் விழும்.

இதெல்லாம் பார்த்தாலும் ஏமாறலாம். 2009 ஜனவரி 7, நாங்கள் மூன்றாம் ஆண்டு. சத்யம் கம்பெனியின் தலைவர், கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடிக்கு மேல் பொய் என்று கடிதம் எழுதினார். கேம்பஸ் இன்டர்வியூ கனவில் இருந்த ஹாஸ்டலே அன்று உறைந்து போயிற்று. எந்தச் சல்லடையிலும் தேறியிருக்கும் கம்பெனி அது. எண்களே பொய் என்றால் சல்லடை என்ன செய்யும்? புரமோட்டர்கள் பங்குகளை அடமானம் வைத்திருந்ததும் வெளியே தெரியவில்லை. அந்த விவரத்தை வெளியிடுவதை செபி கட்டாயமாக்கியது அதன் பிறகுதான். இப்போது நான் முதலில் பார்ப்பதே அதைத்தான்.

ஐந்நூறு கம்பெனிகளைக் கணினியில் சலிக்க ஐந்து நிமிடம் போதும். மிஞ்சும் முப்பதின் ஆண்டறிக்கைகளைப் படிக்க எனக்கு மூன்று மாதம் ஆகிறது, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். தம்பிகள் யாருக்காவது ஆர்வம் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள், அந்தப் பழைய கட்டுமானக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். நிலம் விற்ற வரி எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.