பட்டம் ரசீது, படிப்பே சரக்கு

பட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்தியைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டம் என்றால் என்ன? இன்னார் இன்ன பரீட்சையில் தேறினார் என்பதற்கு ஒரு சர்வகலாசாலை கொடுக்கும் ரசீது. அவ்வளவுதான். ரசீது வேறு, சரக்கு வேறு. ரசீதுக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுச் சரக்கைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர்! கல்யாணத்தில் அதைக் காட்டி விலை பேசுகிறவர்கள் எத்தனை பேர்!

ரசீது இல்லாமலும் சரக்கு இருக்கக்கூடும். கணித மேதை ராமானுஜம் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். பட்டமில்லாத அவருக்கு 1913-ல் சென்னை சர்வகலாசாலை மாதம் 75 ரூபாய் கொடுத்து ஆராய்ச்சி செய்யச் சொல்லிற்று. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவரது ஆராய்ச்சியைப் பார்த்தே பி.ஏ. பட்டம் கொடுத்தது. பட்டத்தால் அறிவு வரவில்லை. அறிவைத் தேடிப் பட்டம் வந்தது.

"அப்படியானால் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். இங்கேதான் நாம் மோசம் போகக் கூடாது. பட்டம் வீண் என்று உபதேசிக்கிறவன் யார் என்று பாருங்கள். தன் பிள்ளையைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு வந்துதான் நம்மிடம் பேசுவான்.

டாக்டர் அம்பேத்கர் 1915-ல் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். 1917-ல் பரோடாவுக்கு உத்தியோகத்துக்கு வந்தபோது, தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் இருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். ஜாதி வெறியனுக்கு அமெரிக்கப் பட்டமும் ஒரு துண்டுக் காகிதமே.

அதற்காக அவர் படிப்பை விட்டுவிட்டாரா? மறுபடியும் லண்டனுக்குப் போனார். பாரிஸ்டரானார், 1923-ல் டி.எஸ்ஸி. பட்டமும் வாங்கினார். 1947-ல் அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைவரானபோது, "உனக்கு என்ன யோக்கியதை?" என்று கேட்க எவனுக்கு வாய் வரும்?

தோழர்களே! பிறப்பினால் உயர்வு என்பது பரீட்சையே எழுதாமல் வாங்கும் பட்டம். அதன் எதிரே நிற்க, பரீட்சை எழுதி வாங்கிய பட்டம் ஏழைக்கு வேண்டும். ஆகவே ஆணையும் பெண்ணையும் வித்தியாசமின்றிப் படிக்க வையுங்கள். பட்டமும் வாங்கச் செய்யுங்கள். ஆனால் பட்டத்தைக் கும்பிடாதீர்கள். பட்டம் வாங்கியவன் ஜோசியன் வீட்டு வாசலில் நின்றால், "ரசீது இருக்கிறது, ஐயா, சரக்கு எங்கே?" என்று தைரியமாய்க் கேளுங்கள்.