கல் உடைத்தவர் பெயரும் பதிவாகணும்!

(கொடைக்கானலில் நடந்த ஐ.டி. அணி கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



1863-ல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கியது யாருன்னு தேடினா, கலெக்டர் லெவிஞ்ச்னு வரும். 1916-ல் திறந்த மலைச்சாலைக்கு மேஜர் லா பேரு, லாஸ் காட் ரோடு. சரி, அந்தப் பாதைக்குக் கருங்கல்லைப் பிளந்தவங்க பேரை எங்க தேடுறது?

இது வெறும் பெருமைக்காகக் கேட்கிற கேள்வி இல்ல. இதே ஊர்ல பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாச் சேர்ந்து 15 வருஷம் போராடினாங்க. 2016 மார்ச்சில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் 591 பேருக்கான உடன்பாட்டுக்கு வந்தது.

ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு, பி.எஃப். நம்பர்னு ஏதாவது இருக்கும். ஜல்லி உடைக்கிறவருக்கு? கூலி ரொக்கமா கையில வரும். இந்த வருஷம் ஒரு குவாரி, அடுத்த வருஷம் வேற குவாரி. கல்தூசி நுரையீரல்ல படிஞ்சு சிலிக்கோசிஸா வெளிய தெரியப் பல வருஷம் ஆகும். டி.பி.ன்னு தவறா நினைச்சு மருந்து கொடுக்கிறதும் நடக்குது. 1923 இழப்பீட்டுச் சட்ட அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்த நோய்தான் இது. ஆனா எங்க வேலை பார்த்தீங்கன்னு கேட்டா, காட்ட ஒரு துண்டுச்சீட்டு இருக்காது.

ஆவணம் என்ன செய்யும்னு ஃபரிதாபாத்தைப் பாருங்க. 1982-ல் பந்துவா முக்தி மோர்ச்சா அங்க கல்குவாரிகள்ல கணக்கெடுத்து, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதுச்சு. கூடவே தொழிலாளர்கள் கையெழுத்தும் கைநாட்டும் போட்ட வாக்குமூலங்கள். அந்தக் கடிதத்தையே மனுவா ஏற்று, 1983 டிசம்பர் 16-ல் தீர்ப்பு வந்தது. கட்டாய வேலை வாங்கினது தெரிஞ்சாலே கொத்தடிமைன்னு கருதணும், இல்லைன்னு நிரூபிக்கிறது முதலாளி பொறுப்புன்னு சொன்னாங்க.

தமிழ்நாட்டில் 1982 உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், அதன்கீழ் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியமும் இருக்கு. அதன் தொழில் பட்டியலில் கல் உடைப்பவரும் உண்டு. ஆனா பதிவு செஞ்சாதான் பலன்.

அதனால தோழர்களே, ஆளுக்கொரு வேலை. உங்க பகுதியில கல்லு உடைச்ச ஒரு பெரியவரைப் போய்ப் பாருங்க. எந்தக் குவாரி, எந்த வருஷங்கள், மேஸ்திரி யாரு, கூட வேலை பார்த்தவங்க யாரு, எந்தச் சங்கம், சந்தா ரசீது இருக்கான்னு கேளுங்க. அனுமதி வாங்கி ஃபோன்ல பதிவு பண்ணுங்க. நோய் விவரத்தைப் பொதுவில் போடாதீங்க. இப்பவும் வேலை செய்யுற, 60 வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு வாரிய விண்ணப்பத்தை நீங்களே போட்டுக் கொடுங்க.

போஸ்ட் நாளைக்குப் போட்டுக்கலாம். இந்த வேலையை இன்னைக்கே ஆரம்பிங்க.



#கல்லுடைத்தவர்_வரலாறு