நான்கு அணுக்களும் ஓர் அளவும்

பருப்பொருளைப் பற்றிய பண்டைச் சிந்தனைகளை ஆராயக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கும் வேளையில், ஒரு கருத்தை உங்கள் ஆய்வுக்கு முன்வைக்கிறேன். அணுக்கொள்கை என்றதும் கிரேக்கத்தில் அப்தேராவின் டெமாக்ரிட்டசையும், தமிழில் மணிமேகலைக் காப்பியம் கூறும் ஆசீவக சமயத்தாரையும் அருகருகே நிறுத்துவது நம் வழக்கமாகிவிட்டது. ஒப்பீடு வேண்டியதுதான். ஆனால் ஆசீவக அணுவுக்கு நெருங்கிய கிரேக்க உறவு டெமாக்ரிட்டஸ் அல்லர். அவருக்குச் சற்று முன்னவரான, சிசிலித் தீவின் அக்ரகாஸ் நகரத்து எம்பிடாக்கிளீஸ் என்பதே என் துணிபு. அந்த உறவைக் கண்டுகொண்டால்தான் தமிழ்நூல் காத்துவைத்த கொள்கையின் தனித்தன்மை விளங்கும்.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி மாநகரில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்கிறாள். ஆசீவக முதியவர் தரும் விடை வியப்பூட்டும் அளவுக்கு நுட்பமானது. உலகம் நிலம், நீர், தீ, காற்று என்னும் நால்வகை அணுக்களாலும் உயிராலும் ஆனது. அணுக்கள் தொடக்கமற்றவை, அழிவதில்லை, புதிதாகப் பிறப்பதில்லை, ஒன்றினுள் ஒன்று புகுவதில்லை. நீரணு நிலஅணுவாக மாறாது. ஓரணு இரண்டாகப் பிளவுபடாது. இடித்த நெல் அவலாவதுபோல் தட்டையாகப் பரவவும் செய்யாது. அவை கூடினால் மலை. பிரிந்தால் மீண்டும் பழைய அணுக்களே. செறிந்தால் வைரம், இடைவிட்டால் மூங்கில். கண்ணால் காணும் பூதங்களில் இந்நான்கும் ஒன்று, முக்கால், அரை, கால் என்ற அளவில் கலந்திருக்கும். மிகுந்திருப்பது எதுவோ அதன் பெயரே பூதத்தின் பெயராகும். அணு அழிவதில்லை என்பதற்குச் சான்று அருகிலேயே உண்டு. நாம் கூடியிருக்கும் எர்ணாவூருக்கு வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரியை எரித்தது. எரிந்த கரி இல்லாமற் போகவில்லை. புகையாகவும் சாம்பலாகவும் பிரிந்தது. கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் படிந்து மீனவர்களின் நீர்வழியைத் தூர்த்திருக்கும் சாம்பல், பொருள் அழிவதில்லை என்ற பழைய கொள்கையை இப்பகுதி மக்களுக்குக் கடுமையாகவே கற்பித்திருக்கிறது.

இனி கிரேக்கத்துக்கு வருவோம். டெமாக்ரிட்டசின் அணுக்களுக்கு வடிவமும் அளவும் உண்டு. சுவையும் நிறமும் வெப்பமும் இல்லை. தேனின் இனிப்பு நம் வழக்கில் உள்ளது, மெய்யாக உள்ளவை அணுவும் வெற்றிடமுமே என்பது அவர் நிலை. வடிவங்களோ எண்ணற்றவை; ஆகவே உலகின் பன்மையை விளக்க அவருக்குக் கலப்பின் விகிதம் தேவைப்படவில்லை. ஆசீவகரின் நிலை வேறு. நிலஅணுவின் வன்மையும் நீரணுவின் தண்மையும் தீயணுவின் சுடுதலும் அவற்றின் சொந்த இயல்புகள். வகைகள் நான்கே என்று வரையறுத்துவிட்டவர், ஆயிரமாயிரம் பொருள்கள் எப்படித் தோன்றின என்ற கேள்விக்கு அளவைத்தான் நாட வேண்டும். எம்பிடாக்கிளீசும் அதையே நாடினார். நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு வேர்களைச் சொன்ன அவர், எலும்பு எட்டுப் பங்கால் ஆனது, அதில் நிலம் இரண்டு, நீர் இரண்டு, தீ நான்கு என்று கணக்கிட்டார். ஆனால் அவ்வேர்கள் பிளக்க முடியாத துகள்களால் ஆனவை என்று அவர் வரையறுக்கவில்லை. கிரேக்கத்தில் பிளவுபடாமை ஒருவரிடமும் கலப்பின் அளவு மற்றொருவரிடமும் நின்றது. தமிழ்நூலில் இரண்டும் ஒரே கொள்கையில் இணைந்து நிற்கின்றன.

கிரேக்கத்திலிருந்து வந்த கடனாக இது இருக்கலாகாதா என்று கேட்கலாம். முசிறிக்கும் அரிக்கமேட்டுக்கும் மேலை நாட்டுப் பொருள்கள் வந்தது உண்மையே. பொருள் வந்த வழியில் கொள்கையும் வந்தது என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். டெமாக்ரிட்டஸ் இந்தியத் துறவிகளைக் கண்டதாகச் சிலர் கூறுவர் என்று டயோஜெனிஸ் லேர்ஷியஸ் எழுதியதும் பல நூற்றாண்டு பிந்திய செவிவழிச் செய்தி. அதைக் கொண்டு எதிர்த்திசையில் கடன் நாட்டுவதும் பிழையே. புத்தர் காலத்தவரான பகுத கச்சாயனர் நிலம், நீர், தீ, காற்று, இன்பம், துன்பம், உயிர் என்னும் ஏழும் ஆக்கப்படாதவை, அசையாதவை என்றார். தலையை வெட்டும் வாள் இவற்றின் இடைவெளியில் புகுந்து போகிறதே தவிர எவரையும் கொல்வதில்லை என்றும் கூறினார். பௌத்தர்களின் தீக நிகாயம் இதைப் பதிந்து வைத்துள்ளது. இப்படி உள்நாட்டு வேர் கண்ணெதிரே இருக்கக் கடல் கடந்து தேடத் தேவையில்லை. அந்தப் பகுதரே புறநானூற்றுப் பக்குடுக்கை நன்கணியார் என்று அறிஞர் சிலர் கருதுவர். அவர் பாடிய 194ஆம் பாட்டில் அணுவைப் பற்றி ஒன்றும் இல்லாததால், பெயரொற்றுமையை மட்டும் நம்பி நான் அவ்வளவு தூரம் செல்லமாட்டேன்.

ஆசீவகரின் நூல்கள் மறைந்துவிட்டன, பகைவர் எழுதியதை எப்படி நம்புவது என்ற தடை இன்னும் வலுவானது. மணிமேகலை பௌத்த நூல். நீலகேசி சமண நூல். சிவஞானசித்தியார் பரபக்கம் சைவ நூல். தம்முள் ஒத்துப்போகாத மூன்று சமயத்தார் ஆசீவகருக்கு அணுக்கொள்கை உண்டென்பதில் ஒத்துப்போகிறார்கள். மேலும் ஒன்று, முக்கால், அரை, கால் என்ற கணக்கு இகழ்வதற்காகப் புனைந்ததாக இருக்க வழியில்லை. பழித்துரைப்பவருக்கு அத்தகைய நுணுக்கத்தால் பயனில்லை. டெமாக்ரிட்டசின் நூல்களும் மறைந்தவையே. அவரை நாம் அறிவதும் பெரும்பாலும் அவரை மறுத்த அரிஸ்டாட்டில் வழியாகத்தான். அங்கே ஏற்கும் சான்றுமுறையை இங்கே மறுக்கலாகாது. அதே நேர்மையோடு, இது டால்டனின் வேதியியலை முன்னறிந்தது என்ற பெருமிதத்தையும் நாம் விட்டுவிட வேண்டும். டால்டனின் விகிதங்கள் தராசில் நிறுத்துப் பெற்றவை. ஆசீவகரின் விகிதம் பகுத்தறிவின் தேவையால் பெற்றது. அதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இந்த அமர்வுகளில் எழ வேண்டிய வினா ஒன்றைச் சொல்லி அமர்கிறேன். அணுக்கள் வெறுமனே அருகருகே இருப்பதைக் கலப்பு என்று சொல்லலாமா என்று அரிஸ்டாட்டில் கேட்டார். அப்படியானால் கூரிய கண்ணுடையவன் என்று கிரேக்கப் பழங்கதை சொல்லும் லின்கியசுக்கு எந்தப் பொருளும் கலந்ததாகவே தோன்றாதே என்பது அவர் வாதம்; அது கொள்கையையே வீழ்த்தும் என்று அவர் எண்ணினார். ஆசீவக முதியவரோ அதே நிலையைத் தம் கொள்கையாகவே சொல்கிறார். தனியணுவைத் தெய்வக்கண் உடையோரே காண்பர். மற்றவர் காண்பது அணுக்களின் திரட்சியை. மாலைப்பொழுதில் ஒற்றை மயிர் தெரியாது, கற்றை மயிர் தெரியும் என்பது அவர் காட்டும் சான்று. அரிஸ்டாட்டிலின் தடைக்கு இந்த விடை போதுமா என்பதிலிருந்து முதல் அமர்வு தொடங்கட்டும்.